போகும் ஊர் அறிந்த ஒளி

ஒரு கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும்வரை மெல்லப் பின்னால் நகருங்கள். அங்கேயே நின்றுகொண்டு, வேறொருவரை அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏற, மறைந்திருந்த நாணயம் மேலே எட்டிப் பார்க்கும். நாணயம் அசையவில்லை, நீங்களும் அசையவில்லை. நாணயத்திலிருந்து புறப்பட்ட ஒளி, நீரைவிட்டுக் காற்றுக்குள் நுழையும் இடத்தில் திசை திரும்பி உங்கள் கண்ணைத் தேடி வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒளிவிலகல் என்று பெயர் சொல்லி, ஒரு சூத்திரத்தையும் எழுதிப் போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். 1662-இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்த பியேர் தெ ஃபெர்மா அப்படிப் போய்விடவில்லை. ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர் அவர். ஒளி எதற்காகத் திரும்புகிறது என்று கேட்டு, ஒரே வரியில் விடை சொன்னார்: ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஆகும் நேரம் எந்த வழியில் மிகக் குறைவோ, ஒளி அந்த வழியில் போகிறது.

வயலோரக் கட்டாந்தரையில் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு கன்றுக்குட்டி சேற்றில் சிக்கிக் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் ஓடினால் தூரம் குறைவுதான். ஆனால் சேற்றில் நெடுநேரம் காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கும். விவரமானவர் கட்டாந்தரையிலேயே கொஞ்சம் கூடுதலாக ஓடி, கன்றுக்குப் பக்கமாக வந்தபின் சேற்றில் இறங்குவார். அவருடைய தடம் ஓரிடத்தில் மடங்கியிருக்கும். ஒளிக்குத் தண்ணீர்தான் சேறு. வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, தண்ணீரில் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. அதனால்தான் அதன் தடமும் நீர்ப்பரப்பில் மடங்குகிறது.

அழகான விளக்கம்தான். ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. மிக விரைவான வழியைத் தேர்வதென்றால், போய்ச் சேர வேண்டிய இடம் கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும். கன்று எங்கே கிடக்கிறதென்று தெரியாதவர் எந்த இடத்தில் சேற்றில் இறங்குவது என்று எப்படி முடிவு செய்வார்? அப்படியானால் நாணயத்தை விட்டுக் கிளம்பும் ஒளிக்கு உங்கள் கண் இருக்குமிடம் முன்பே தெரியுமா?

இந்தக் கேள்வி ஓர் அமெரிக்க எழுத்தாளரின் மனத்தில் பல ஆண்டுகள் கிடந்து, கடைசியில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்லும் கதையாக வெளிவந்தது. அவர் பெயர் டெட் சியாங்.

1967-இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். பெற்றோர் சீனாவில் பிறந்து, தைவானுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்கள். தந்தை பொறியியல் பேராசிரியர், தாய் நூலகர். 15 வயதிலேயே பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பத் தொடங்கிய சியாங், பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்து 1989-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, அறிவியல் புனைகதை எழுத விரும்புவோருக்கான கிளேரியன் பட்டறையில் சேர்ந்தார். மறு ஆண்டு ‘ஆம்னி’ இதழில் ‘டவர் ஆஃப் பாபிலோன்’ கதை வெளிவந்தபோது அவருக்கு 23 வயது. முதலில் அச்சேறிய அந்தக் கதையே அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருதைப் பெற்றது.

இப்படித் தொடங்கிய ஒருவர் ஆண்டுக்கொரு நாவல் எழுதிக் குவித்திருக்கலாம். சியாங் இன்றுவரை ஒரு நாவல்கூட வெளியிட்டதில்லை. சியாட்டில் வட்டாரத்தில் மென்பொருள் துறைக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிப் பிழைத்தார். கதைகளை அவற்றுக்கு வேண்டிய நேரம் கொடுத்து எழுதினார். 2002-இல் வந்த முதல் தொகுப்பில் 8 கதைகள், 2019-இல் வந்த இரண்டாவது தொகுப்பில் 9 கதைகள். ஏறக்குறைய 30 ஆண்டுகளில் புத்தகமானவை இந்த 17 மட்டுமே. இந்தச் சிறிய கையிருப்புக்கு நான்கு ஹியூகோ விருதுகளும் நான்கு நெபுலா விருதுகளும் கிடைத்திருக்கின்றன. 2003-இல் தன் கதை ஒன்று ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அது அவசரத்தில் முடிக்கப்பட்டது, தான் நினைத்தபடி அமையவில்லை என்று சொல்லிப் பரிந்துரையையே ஏற்க மறுத்தார். விருதைவிடக் கதை பெரிது என்று நினைப்பவரைப் பார்ப்பது எந்த ஊரிலும் அபூர்வம்.

ஃபெர்மாவின் புதிருக்கு வருவோம். இயற்பியல் படித்த நாளிலிருந்தே அந்தக் கொள்கை சியாங்கைப் பிடித்து வைத்திருந்தது. பின்னொரு நாள், மனைவி மார்பகப் புற்றுநோயோடு போராடிய நாட்களைப் பால் லின்க் என்ற நடிகர் தனியாளாக மேடையில் சொல்லும் நிகழ்ச்சியைப் பார்த்தார். வரப்போவதைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்த பின் ஒரு மனிதர் எப்படி நாட்களைக் கடத்துகிறார் என்ற கேள்வியும், ஒளி தன் முடிவை அறிந்தே கிளம்புகிறதோ என்ற கேள்வியும் அங்கே ஒன்றையொன்று தொட்டன. அவற்றைக் கதையாக்க மொழியியல் தேவைப்பட்டது. அதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஆண்டுகள் பிடித்தன. 1998-இல் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ அச்சாயிற்று.

வேற்றுலகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். பீப்பாய் போன்ற உடல், ஏழு கால்கள், சுற்றிலும் கண்கள். முன்பக்கம் பின்பக்கம் என்பதே அவர்களுக்கு இல்லை. லூயிஸ் பேங்க்ஸ் என்ற மொழியியல் அறிஞர் அவர்களுடைய மொழியைக் கற்கிறார். அவர்கள் பேசுவது ஒரு மொழி, எழுதுவது முற்றிலும் வேறொரு மொழி. எழுத்தில் சொற்கள் வரிசையாக வருவதில்லை. ஒரு வாக்கியம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே உருவம். முதல் கோட்டை இழுக்கும்போதே கடைசிக் கோடு எங்கே முடியும் என்று தெரிந்திருந்தால்தான் எழுத முடியும்.

இயற்பியலாளர்களோ திணறுகிறார்கள். வேகம், முடுக்கம் போன்ற நமக்கு எளிய கருத்துகள் வந்தவர்களுக்குப் புரிவதில்லை. ஒருநாள் ஃபெர்மாவின் கொள்கையைக் காட்டியதும் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். நாம் கல்லூரிக்குப் போய் நுண்கணிதம் படித்தபின் தொடும் விஷயம் அவர்களுக்கு அரிச்சுவடி. காரணம் சிறிது சிறிதாக விளங்குகிறது. நாம் உலகத்தை ‘இது நடந்தது, அதனால் அது நடந்தது’ என்று முன்னிருந்து பின்னாகப் படிக்கிறோம். அவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரப் பார்த்து, இடைப்பட்ட வழியைப் படிக்கிறார்கள்.

இதில் கற்பனையின் பங்கு குறைவு. இயற்பியல் உண்மையிலேயே இந்த இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. எறிந்த பந்தின் தடத்தை நியூட்டனின் வழியில், கணத்துக்குக் கணம் விசையைக் கணக்கிட்டுச் சொல்லலாம். அல்லது புறப்பட்ட இடத்தையும் விழுந்த இடத்தையும் முதலிலேயே குறித்துக்கொண்டு, இடைப்பட்ட எல்லாத் தடங்களிலும் ‘செயல்’ என்ற அளவு எதில் குறைவோ அதுவே பந்தின் தடம் என்றும் சொல்லலாம். மோப்பெர்த்துயி, ஆய்லர், லக்ராஞ்ச், ஹாமில்டன் என்று 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் பெரிய மூளைகள் வளர்த்தெடுத்த முறை இது. கறாராகச் சொன்னால், அந்த அளவு எப்போதும் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தடத்தை இம்மியளவு மாற்றினால் அளவு ஏறக்குறைய மாறாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இரு முறைகளும் பந்துக்கு ஒரே தடத்தைத்தான் தருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும், முடிவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அது அறிவுக்கு உகந்ததா என்ற சண்டை ஃபெர்மாவின் காலத்திலேயே வந்துவிட்டது. தத்துவ அறிஞர் தெக்கார்த்தின் சீடரான கிளெர்செலியே 1662-லேயே ஆட்சேபம் எழுப்பினார்: இயற்கைக்குத் தேர்ந்தெடுக்கும் அறிவு கிடையாது, இது நீதி போதனைக்குப் பொருந்தும் கொள்கை, இயற்பியலுக்குப் பொருந்தாது என்றார். இயற்கையின் அந்தரங்கம் தனக்குத் தெரியும் என்று தான் சொல்லவில்லை, கணக்கு சரியாக வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்ற தோரணையில் ஃபெர்மா பதில் எழுதினார்.

அந்த முள்ளை எடுக்க ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கில் பள்ளியில் படிக்கும்போது, வகுப்பில் சலித்து உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவனை ஓர் இயற்பியல் ஆசிரியர் அழைத்து, இந்தக் ‘குறைந்தபட்சச் செயல்’ கொள்கையைச் சொல்லிக் கொடுத்தார். மாணவனின் பெயர் ரிச்சர்ட் ஃபைன்மன். 1948-இல் அவர் வெளியிட்ட விளக்கம் இன்று குவாண்டம் இயற்பியலின் தூண்களில் ஒன்று. ஒளி ஒரே வழியைத் தேர்வதில்லை. இருக்கக்கூடிய எல்லா வழிகளுக்கும் அதில் பங்குண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கடிகார முள் சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோணல்மாணலான வழிகளில் பக்கத்துப் பக்கத்து வழிகளின் நேரம் பெரிதும் மாறுவதால், முட்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிகக் குறைந்த நேரமாகும் வழியைச் சுற்றியுள்ள வழிகளில் மட்டும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. அங்கே முட்கள் ஒரே திசையைக் காட்டி வலுச்சேர்க்கின்றன. நம் கண்ணில் படுவது அந்தக் கூட்டுக்குரல். ஒளிக்கு முடிவு தெரிய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எல்லா ஊர்களுக்கும் போய்ப் பார்ப்பதற்கு வழிகாட்டி எதற்கு?

சரி, சியாங்கின் கதையில் வருவதுபோல ஒரு மொழியைக் கற்றால் காலத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுமா? மொழியியலாளர் எட்வர்ட் சபீர், அவருடைய மாணவர் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆகியோரின் பெயரால் அறியப்படும் கருத்தின் உச்சக்கட்டம் அது. மொழி சிந்தனையை அடியோடு சிறைப்படுத்துகிறது என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் மொழிப்பழக்கம் சிந்தனையைச் சற்றே சாய்க்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவற்றில் ஒன்று தமிழிலிருந்தே கிடைத்தது. மொழியியலாளர் எரிக் பீடர்சன் 1990-களில் தமிழ் பேசும் இரு சாராரை ஒப்பிட்டார். ‘சொம்புக்குக் கிழக்கே இருக்கிறது’ என்று திசை சொல்லிப் பழகிய கிராமத்தவர்கள் ஒரு சாரார். ‘இடப்பக்கம், வலப்பக்கம்’ என்று சொல்லிப் பழகிய நகரத்தவர்கள் இன்னொரு சாரார். பேச்சே தேவைப்படாத சோதனைகளில், பொருள்கள் இருந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளும் விதத்திலும் அந்தப் பழக்கத்தின் சாயல் தெரிந்தது. லூயிஸ் பேங்க்ஸுக்கு நேர்வது இந்தச் சிறிய சாய்வை மிகப் பெரிதாக்கிக் காட்டும் கற்பனை.

அந்த எழுத்தில் தேர்ந்ததும், லூயிஸ் தன் வாழ்க்கையையும் ஒருசேரப் பார்க்கத் தொடங்குகிறார். இன்னும் பிறக்காத மகளின் சிரிப்பு, பிடிவாதம், பருவ வயதுக் கோபம், 25 வயதில் பாறையேறும்போது நேரும் அவளுடைய மரணம். தாய் மகளை முன்னிலையில் வைத்து, நினைவுகூர்வதை எதிர்காலத்தில் சொல்கிறார். ‘நீ ஓடி வருவாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது’ என்கிற மாதிரியான இலக்கணம். முதல் வாசிப்பில் பிழையோ என்று தோன்றும். இரண்டாம் வாசிப்பில், இந்தத் தாய்க்கு வேறு இலக்கணம் கிடையாது என்று புரிந்து நெஞ்சு கனத்துப் போகும்.

2016-இல் டெனி வில்னவ் இயக்கத்தில் ‘அரைவல்’ என்ற பெயரில் இக்கதை திரைப்படமாகி, எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. மை கசிந்து வட்டமாக விரியும் அந்த எழுத்துகளைப் படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் படத்தில் ஃபெர்மாவுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஒளி நீரில் மடங்கும் அந்தச் சிறிய கோட்டுப்படம் கதையில் மட்டும்தான் இருக்கிறது. கதையின் இதயமும் அதுதான் என்பது என் எண்ணம்.

ஓர் இயற்பியல் உண்மையை எடுத்து, அதை ஒரு மனிதர் மெய்யாகவே உணர்ந்தால் எப்படி வாழ்வார் என்று கேட்பது சியாங்கின் வழி. 2008-இல் வந்த ‘எக்ஸலேஷன்’ அதற்கு இன்னொரு சான்று. அதில் வருபவர்கள் உலோக மனிதர்கள். அலுமினிய நுரையீரலில் காற்றை நிரப்பி நாள்தோறும் மாற்றிக்கொள்கிறார்கள். புத்தாண்டன்று ஒருவர் ஓதும் பாடம் எப்போதும் சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும். ஓர் ஆண்டு அவர் முடிக்கும் முன்பே கடிகாரம் மணி அடித்துவிடுகிறது. கடிகாரங்களில் பழுதில்லை. அப்படியானால் எல்லோருடைய மூளையும் மெதுவாகிக்கொண்டிருக்கிறதா? கதைசொல்லி கண்ணாடிகளும் நுண்கருவிகளும் அமைத்து, தன் மூளையைத் தானே திறந்து பார்க்கிறார். உள்ளே நுண்ணிய தங்கத் தகடுகளுக்கிடையே காற்று ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் எண்ணம். ஒவ்வொரு எண்ணமும் மூளையைக் கடந்து வெளியேறும் காற்றை வெளியுலகில் சேர்க்கிறது. அதனால் வெளியழுத்தம் ஏற, உள்ளோட்டம் தளர்கிறது. உயிரின் ஊற்று காற்றில் இல்லை, அழுத்த வேறுபாட்டில் இருக்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். வேறுபாடு தீர்ந்தால் எண்ணமும் தீரும்.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. நமக்கும் அதே கணக்குத்தான். சூரியன் நமக்கு ஆற்றல் தருகிறது என்கிறோம். ஆனால் பூமி வாங்கும் ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாக விண்வெளிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் என்றோ கொதித்துப் போயிருக்கும். அப்படியானால் நாம் சம்பாதிப்பது என்ன? இந்தக் கதைக்குத் தூண்டுகோலாக இருந்த இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் எழுத்து அதை விளக்குகிறது. சூரியனிலிருந்து வரும் ஓர் ஒளித்துகளுக்கு ஈடாகப் பூமி சுமார் 20 அகச்சிவப்புத் துகள்களை வெளியேற்றுகிறது. ஒழுங்காக வந்ததைச் சிதறலாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த இடைவெளியில்தான் இலை துளிர்க்கிறது, குழந்தை வளர்கிறது, நீங்கள் இந்த வரியைப் படிக்கிறீர்கள்.

இயந்திர மூளையைப் பற்றி எழுதிய சியாங் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியுமா? 2023 பிப்ரவரியில் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரையை அவர் ஒரு நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து தொடங்கினார். 2013-இல் ஜெர்மனியில் ஒரு கட்டட வரைபடத்தை நகலெடுத்தார்கள். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்தது. நகலில் மூன்றுமே 14.13. கோப்பைச் சுருக்கும்போது, ஒன்றுபோல் தெரிந்த எண்களை இயந்திரம் ஒன்றாகவே சேமித்துவிட்டது. எழுத்து மங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பளிச்சென்ற எழுத்தில் பிழை இருந்ததுதான் ஆபத்து. செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகளும் இணையத்தைச் சுருக்கி வைத்த இப்படியொரு நகல்தான் என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்கும் வாதமல்ல. ஆனால் மூன்று அறைகளின் பரப்பை வைத்துக்கொண்டு அதைப் பாமரருக்கும் புரியவைத்த விதம், கதைகள் கொடுத்த பயிற்சி.

இந்த மனிதரைப் பற்றி என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி அவருடைய எழுதுமுறை. கதையின் முடிவு தெரிந்தால்தான் அவர் எழுதவே உட்காருவார். பெரும்பாலும் முதலில் எழுதுவது கடைசிப் பத்தியை, அல்லது அதற்குப் பக்கத்தில் உள்ள பத்தியை. சேருமிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே போய்ச் சேரும் வழியைப் பிறகு தேடுகிறார். ஃபெர்மாவின் ஒளியைப் போல என்று சொன்னால் அது வெறும் அலங்காரமாகாது. நகலுக்கும் கதைக்கும் உள்ள தூரமும் அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டதே என்று அவர் வழியைச் சுருக்குவதில்லை. அந்த முடிவுக்குத் தகுதியான வழி கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்.

தமிழில் நாம் ‘விதி’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். நியூட்டனின் விதி என்கிறோம். நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் விதி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறோம். ஒன்று வகுப்பறைக்கு, மற்றொன்று இழவு வீட்டுக்கு என்று பிரித்துக்கொண்டு, இரண்டும் ஒரே சொல் என்பதை மறந்தே போனோம். சியாங் அந்த இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தவர்.

அந்தக் கதை தொடங்குவதும் முடிவதும் ஓர் இரவில்தான். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கணவர் கேட்கப்போகிறார். லூயிஸுக்குக் குழந்தையின் முதல் அழுகையும் தெரியும், கடைசி நாளும் தெரியும். இடையில் உள்ள 25 ஆண்டுகளில் ஒரு நாளைக்கூடத் தாண்டிப் போக முடியாது என்பதும் தெரியும். ஒளி எல்லா வழிகளையும் தொட்டுப் பார்க்கலாம். தாய்க்கு ஒரே வழிதான். அவள் ‘சரி’ என்கிறாள்.